பில்லில் இல்லாத உரிமம்

புதுக்கோட்டைக் கடைவீதியை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் அண்மையில் என் கையில் கொடுக்கப்பட்ட பில்லொன்றில், ரூ.85,000 என்ற தொகைக்கு நேரே ‘சர்வர் சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன் - 1’ என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எத்தனை பேர் உபயோகிக்க அனுமதி, யார் பெயரில் உரிமம் என்பவற்றில் ஒரு விவரமும் அதில் இல்லை. அந்தச் சர்வரில்தான் 22 பேர் தினந்தோறும் கோப்புகளைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்கிறார்கள். உரிமம் பற்றிய வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகே முதலாளி அந்தப் பில்லை முதன்முதலாகப் படித்துப் பார்த்தார். “பணம் கொடுத்துத்தானே சார் வாங்கினேன்?” என்று அவர் கேட்ட அதே கேள்வியை அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் விராலிமலையிலும் பலர் வாயிலாகக் கேட்டுச் சலித்துப்போனதன் விளைவே இக்கட்டுரை.

கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைத்துக் காப்பது 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம். 1984-இல் செய்த திருத்தத்தால் அந்தப் பாதுகாப்பு வந்தது. ஆகவே கடையில் நாம் பணம் கொடுத்துப் பெறுவது உபயோகிக்கும் அனுமதி மட்டுமே. திருச்சிக்கு டிக்கெட் எடுத்தவர் பஸ்ஸுக்கு உரிமையாளர் ஆவதில்லை. ஒரு டிக்கெட்டில் குடும்பம் முழுவதும் ஏறவும் முடிவதில்லை. பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்த இந்த நியாயம் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மறந்துபோவதுதான் விபரீதம்.

ஷேர்பாயிண்ட் சர்வர் போன்ற கூட்டுப்பணி மென்பொருளில் இந்தக் கணக்கு ஓரடுக்கோடு முடிவதில்லை. ஓடுகிற ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு சர்வர் லைசென்ஸ் வேண்டும். அதை உபயோகிக்கும் ஊழியர்களுக்கு, விற்பனையாளர்கள் ‘கால்’ என்று சொல்லும் கிளையண்ட் ஆக்ஸஸ் லைசென்ஸ் தனியே வேண்டும். உயர்தர வசதிகளைத் தொடுவோருக்கு ஸ்டாண்டர்ட் காலோடு என்டர்பிரைஸ் காலும் சேர வேண்டும். அடித்தளமாக இருக்கும் விண்டோஸ் சர்வருக்கும், தகவல்களைச் சேமிக்கும் எஸ்.க்யூ.எல். சர்வருக்கும் அவற்றின் லைசென்ஸுகள் வேறு. விண்டோஸ் சர்வரைச் செயலியின் கோர் கணக்கில் வாங்கும்போது, இயந்திரம் எவ்வளவு சிறியதானாலும் குறைந்தது 16 கோர்களுக்கு வாங்கியாக வேண்டும். இப்போதைய ஷேர்பாயிண்ட் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனை ஓட்டுவதற்கோ, சாஃப்ட்வேர் அஷூரன்ஸ் என்ற பராமரிப்புத் திட்டம் அல்லது அதற்கு ஈடான சந்தா நடப்பில் இருப்பது அவசியம்.

கால்களில் ஆள் கணக்கு, இயந்திரக் கணக்கு என இரண்டு வகை உண்டு. மூன்று ஷிப்டிலும் மூவர் மாறி மாறி ஒரே கணினியில் அமரும் தொழிற்சாலைக்கு டிவைஸ் கால் ஒன்று போதும். ஒரே ஊழியர் மேஜைக் கணினி, மடிக்கணினி, கைப்பேசி மூன்றிலும் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு யூசர் கால் சிக்கனம். ஒரே பாஸ்வேர்டைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்டால் ஒரு யூசர் கால் போதும் என்று ஆலோசனை சொல்பவரை நம்பாதீர்கள்; உபயோகிக்கும் ஆட்களைத்தான் அந்த உரிமம் எண்ணுகிறது. 180 நாள் சோதனைப் பதிப்பில் வருஷக்கணக்காக வியாபாரம் நடத்துவதும், பழைய இயந்திரத்தோடு வந்த ஓ.ஈ.எம். லைசென்ஸைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றுவதும், மாணவர் உரிமத்தைக் கடைக்கணக்குக்கு உபயோகிப்பதும் இதே வகைத் தவறுகள்.

தண்டனையை அலட்சியப்படுத்த வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, சட்டவிரோத நகல் என்று தெரிந்தே அதைக் கணினியில் உபயோகிப்பவருக்கு 7 நாளுக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000-க்குக் குறையாமல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். வியாபார லாபத்துக்காக இல்லாதபோது சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. அந்தச் சலுகையைக் கடைக்காரர் எதிர்பார்க்க முடியாது. கம்பெனி செய்த குற்றத்துக்கு அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவரையும் 69-ஆம் பிரிவு கூண்டில் ஏற்றும்.

சிறைக்கு அஞ்சாதவர்கள் திருடர்களுக்காவது அஞ்சட்டும். 2025 ஜூலையில், சொந்த இடத்தில் நிறுவப்பட்ட ஷேர்பாயிண்ட் சர்வர்களின் ஓட்டை வழியே உலகெங்கும் பல அலுவலகங்களுக்குள் கள்வர்கள் நுழைந்தபோது, அதைத் தயாரிக்கும் நிறுவனம் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கும் 2019, 2016 பதிப்புகளுக்கும் அவசரத் திருத்தங்களை வெளியிட்டது. 2013 பதிப்புக்கு ஒன்றும் வரவில்லை. 2016, 2019 பதிப்புகளின் ஆதரவுக்கும் 2026 ஜூலை 14 கடைசி நாள். கிராக் செய்த சர்வரைத் திருத்தத்துக்கு உட்படுத்தவே பயந்து பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். தாக்குதல் நேர்ந்தால், அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவு. அப்போது உரிமமே இல்லாதவர் எந்த முகத்தோடு அறிவிப்பார்?

இனி நிவாரணம். முதலில் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர், பதிப்பு, லைசென்ஸ் வகை, எண்ணிக்கை, ஒப்பந்த எண், வாங்கிய தேதி, சந்தா முடியும் தேதி, நிறுவியுள்ள இயந்திரம், உபயோகிப்போர் பெயர் ஆகியவற்றை எழுதி, எதிர்ப்பக்கத்தில் பில்லின் நகலை ஒட்டுங்கள். பில் உங்கள் நிறுவனத்தின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் இருக்க வேண்டும். லைசென்ஸின் பெயரும் எண்ணிக்கையும் தனி வரிகளாக இருக்க வேண்டும். இவை இல்லாத பில்லைக் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குங்கள். வால்யூம் லைசென்ஸானால், அதற்கான இணையக் கணக்கு டெக்னீஷியனின் மின்னஞ்சலில் இல்லாமல் உங்கள் நிறுவன மின்னஞ்சலில் திறந்திருக்க வேண்டும். பில்லைத் தூக்கி எறியாதீர்கள். மீண்டும் சொல்கிறேன், பில்லைத் தூக்கி எறியாதீர்கள்.

எண்ணிப் பார்த்துக் குறைவு தெரிந்தால், நோட்டீஸ் வரும் வரை காத்திராமல் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கி நிரப்புங்கள். செலவு தாங்காதென்றால் நெக்ஸ்ட்கிளவுட் போன்ற திறமூல மென்பொருளுக்கு மாறுங்கள். அதற்கும் ஏ.ஜி.பி.எல். என்ற உரிமம் உண்டு. நிரலைத் திருத்தி இணையம் வழியே பிறருக்கு உபயோகத்துக்குத் தருபவர் அந்தத் திருத்தத்தின் மூலநிரலையும் அவர்களுக்குத் தரக் கடமைப்பட்டவர்.

நோட்டீஸ் வந்துவிட்டதா? உறையோடு பத்திரப்படுத்தி, வந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள். அழித்த சாட்சியம் உங்களுக்கு எதிரான சாட்சியமாகும். தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அனுப்பியவருக்கு உரிமையாளர் கொடுத்த அதிகாரப் பத்திரத்தையும், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்ற விவரத்தையும் பதிவுத் தபாலில் கேளுங்கள். கம்பெனியின் ஆள் என்று ஒருவர் வாசலில் வந்து நின்றதாலேயே உங்கள் இயந்திரத்தைச் சோதிக்கும் அதிகாரம் அவருக்கு வந்துவிடாது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தணிக்கை ஷரத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீதிமன்ற ஆணையோடு வரும் கமிஷனருக்கும், 64-ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்கும் சப்-இன்ஸ்பெக்டருக்கோ அவருக்கு மேற்பட்ட அதிகாரிக்கோ குறுக்கே நிற்காதீர்கள். கைப்பற்றிய பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கைப்பற்றிய நகல்களைத் திரும்பப் பெற 15 நாளுக்குள் மாஜிஸ்டிரேட்டிடம் மனுச் செய்யலாம். முறையான உரிமம் இருந்தும் மிரட்டுகிறார்களென்றால், 60-ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடுத்து மிரட்டலுக்குத் தடையும் நஷ்ட ஈடும் கோரலாம். அவர்களே தாமதமின்றி வழக்கிட்டு நடத்தினால் இந்த வழி அடைபடும்.

போலி உரிமத்தை விற்று ஏமாற்றியவர்மீது பில், வங்கிச் சான்று, வாட்ஸாப் உரையாடல் ஆகியவற்றோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இணைய வழியில் பணம் போயிருந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். சுயதொழிலால் ஜீவனம் நடத்துபவர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை 2 வருஷத்துக்குள் நாடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரையானால் கட்டணமில்லை. பெருவியாபார நோக்கத்தோடு வாங்கியவருக்கு அந்தக் கதவு திறக்காது. அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

தொழில் தொடங்க வருபவரிடம் கடன் விண்ணப்பத்துக்கு நான்கு நகல் கேட்கும் அலுவலகங்கள், மென்பொருள் உரிமம் பற்றி அரைப்பக்கத் துண்டுப் பிரசுரமேனும் அச்சிட்டுக் கொடுத்தால் எத்தனையோ பேர் தப்புவார்கள். 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தபோது, பகலெல்லாம் பாறை உடைத்த பெண்கள் இரவு விளக்கொளியில் எழுத்துக் கூட்டிப் படித்த மாவட்டம் இந்தப் புதுக்கோட்டை. அவர்கள் அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற எழுத்தறிவை, நாம் 85,000 ரூபாய்ப் பில்லின் ஒரு வரியைப் படிக்கவாவது உபயோகிக்க வேண்டாமா? இன்றைக்கே அலமாரியைத் திறந்து அந்தப் பில்லை எடுங்கள்.