குப்பைக்கும் ரிட்டர்ன் டிக்கெட்!



அண்டார்டிகா என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பென்குவின், பனிக்கட்டி, குளிர்! எனக்கும் அப்படித்தான். ஆனால் சமூக அறிவியல் வகுப்பில் டீச்சர் கேட்ட ஒரு கேள்வி வேறு மாதிரி இருந்தது. "நம்ம நாட்டு விஞ்ஞானிகள் அங்கே வருஷம் பூரா தங்கியிருக்காங்களே, அவங்க குப்பையை யார் அள்ளுவாங்க?" வகுப்பே சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் யாருக்குமே பதில் தெரியாது என்பது புரிந்தது. சிம்மக்கல்லில் மைய நூலகம் பக்கத்திலேயே இருப்பதால் போய்த் தேடினேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அங்கே நமக்கு என்ன வேலை?

1981 டிசம்பர் 6-ல் கோவாவிலிருந்து 21 பேர் கப்பலில் கிளம்பினார்கள். தலைவர் டாக்டர் எஸ். இசட். காசிம். 1982 ஜனவரி 9-ல் அண்டார்டிகாவில் கால் வைத்தார்கள். அடுத்து நம் நாடு கட்டிய முதல் நிலையம் 'தட்சிண கங்கோத்ரி'. அது பனிக்கட்டி மேலேயே கட்டப்பட்டதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பனிக்குள் புதைந்துவிட்டது! பிறகு, பனி இல்லாத பாறைப் பகுதியில் 'மைத்ரி' நிலையம் வந்தது. அங்கிருந்து சுமார் 3000 கி.மீ. தள்ளி 'பாரதி' நிலையம் 2012-ல் திறக்கப்பட்டது. இதையெல்லாம் கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் நடத்துகிறது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

நம் ஊர் மே மாத வெயிலில் ஒரு வாழைப்பழத் தோலைக் கீழே போட்டால் சீக்கிரமே கறுத்து, சுருங்கி, பிறகு மண்ணோடு மண்ணாகப் போய்விடும். அண்டார்டிகாவில் போட்டால்? அந்தக் குளிரில் எதுவும் சீக்கிரம் மக்காது. நம்பாதவர்களுக்கு ஒரு சாட்சி: 1910-களில் ஸ்காட் என்ற ஆங்கிலேயரின் குழு கொண்டுபோன ஒரு பழக் கேக், 2017-ல் ஒரு பழைய குடிசைக்குள் டப்பாவோடு கிடைத்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் கேக் பார்க்க நன்றாகவே இருந்ததாம்! கேக்குக்கே இந்தக் கதி என்றால் பிளாஸ்டிக்கை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. அங்கே பாறை மேல் வளரும் பாசி மிக மிக மெதுவாக வளரும். ஒரு தடவை மிதித்தால் அந்தத் தடம் மறையப் பல வருஷம் ஆகும். அதனால், "பரவாயில்லை, அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்ற பேச்சு அங்கே செல்லாது.

ஆரம்பத்தில் எல்லாரும் ஒழுங்காக இருந்தார்களா?

இல்லை! அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையத்தில் குப்பையைக் கடல்பனி மேல் கொட்டி வைப்பார்கள். கோடையில் பனி உருகினால் எல்லாம் கடலுக்குள் போய்விடும். அவ்வளவுதான், குப்பை 'காணாமல்' போனது. அதே இடத்தில் 1962 முதல் 1972 வரை ஓர் அணு உலையும் ஓடியது. அதை மூடிய பிறகு கெட்டுப்போன மண்ணையும் கல்லையும்கூடத் தோண்டிக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. 1989 ஜனவரியில் 'பாஹியா பரைசோ' என்ற அர்ஜென்டினா கப்பல் பாறையில் மோதி, சுமார் 6 லட்சம் லிட்டர் எண்ணெய் கடலில் கொட்டியது.

இந்த மாதிரி சம்பவங்களுக்குப் பிறகுதான் நாடுகள் விழித்துக்கொண்டன. 1991 அக்டோபர் 4-ல் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. 1998 ஜனவரி 14 முதல் அது அமலில் இருக்கிறது. இந்தியாவும் இதில் உறுப்பினர். அங்கே கனிமங்களைத் தோண்டி எடுப்பதை இது தடை செய்கிறது; ஆராய்ச்சிக்கு மட்டும் விலக்கு உண்டு.

மூன்று பரீட்சை

அங்கே எந்த வேலை செய்வதாக இருந்தாலும் முதலில் அதனால் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு பாதிப்பு வரும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் மூன்று பரீட்சை:

1. பாதிப்பு மிக மிகக் குறைவு என்றால், ஆரம்பக் கட்ட ஆய்வோடு வேலையைத் தொடங்கலாம். (மாதத் தேர்வு)
2. சின்ன பாதிப்பு, அல்லது கொஞ்ச நாளில் சரியாகிவிடும் பாதிப்பு என்றால் தனி அறிக்கை எழுத வேண்டும். (அரையாண்டுத் தேர்வு)
3. அதற்கும் மேலே என்றால் முழு அறிக்கை. இதுதான் முழு ஆண்டுத் தேர்வு! வரைவு அறிக்கையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டு, கருத்துச் சொல்ல 90 நாள் கொடுக்க வேண்டும். மற்ற நாடுகளின் குழுவும் அதைப் படித்துக் கேள்வி கேட்கும்.

பாரதி நிலையம் கட்டும் முன் நம் நாடும் இந்த மூன்றாவது பரீட்சையை எழுதியது. அந்த நிலையம் 134 கன்டெய்னர்களை இணைத்துக் கட்டப்பட்டது. தேவை முடிந்தால் கழற்றி எடுத்துவிடலாம் என்று யோசித்தே கட்டியிருக்கிறார்கள்.

இப்போது நமக்கென்று சொந்தச் சட்டமும் இருக்கிறது: இந்திய அண்டார்டிக் சட்டம், 2022. முதல் காலடிக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவில் 40 வருஷம்! இதன்படி பெர்மிட் இல்லாமல் இந்தியக் குழு எதுவும் அங்கே போக முடியாது. புவி அறிவியல் அமைச்சகச் செயலாளர் தலைமையிலான குழு பெர்மிட் கொடுக்கும். நிபந்தனையை மீறினால் ரத்தும் செய்யும். பெர்மிட் இல்லாமல் வெளியிடத்துச் செடி, பிராணிகளைக் கொண்டுபோனால் 7 வருஷம் வரை சிறை, 10 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

எதெல்லாம் கப்பல் ஏற வேண்டும்?

மாட்ரிட் உடன்படிக்கையின் மூன்றாம் இணைப்பு முழுக்க முழுக்கக் குப்பையைப் பற்றியதுதான். அதிலிருந்து சில:

★ பேட்டரி, எரிபொருள், ரப்பர், மசகு எண்ணெய், பி.வி.சி., எண்ணெய் டிரம் – எல்லாம் அண்டார்டிகாவை விட்டு வெளியேற வேண்டும்.
★ திறந்த வெளியில் குப்பையை எரிக்கக் கூடாது. மூடிய உலையில் எரிக்கக்கூடியதை எரித்தாலும், மிஞ்சும் சாம்பலும் கப்பல் ஏற வேண்டும்!
★ பார்சலுக்குள் போடும் தெர்மோகோல் மணிகள், பூச்சிமருந்து, கிருமி நீக்காத மண் – இவற்றை உள்ளேயே கொண்டுபோகக் கூடாது. (ஷூ அடியில் ஒட்டிய மண்ணும் மண்தானே?)
★ பனி இல்லாத நிலத்திலோ நன்னீர் ஏரியிலோ எந்தக் கழிவையும் விடக் கூடாது.
★ ஒவ்வொரு நாடும் குப்பைக்கென்று ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். கழிவை ஐந்து வகையாகப் பிரித்துக் கணக்கு எழுத வேண்டும்.

நான்காவது விதியைக் கவனியுங்கள். மைத்ரிக்குப் பக்கத்தில் பிரியதர்ஷினி என்ற ஏரி இருக்கிறது. அங்குள்ளவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். ஏரி கெட்டால் வேறு எங்கே போவது? பாலத்தில் நின்று நம் வைகையைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடற்கரை நிலையங்கள் கழிவுநீரைக் கடலில் விட உடன்படிக்கை அனுமதிக்கிறது. கோடையில் சராசரியாக 30 பேருக்கு மேல் இருந்தால், குறைந்தபட்சம் அரைத்துவிட்டாவது விட வேண்டும் என்கிறது. "கடல் பெரியது, கரைந்துவிடும்" என்ற பழைய எண்ணம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

┌─────────────────────┐
உங்களுக்குத் தெரியுமா?
• அண்டார்டிகாவில் நாய்க்கு அனுமதி இல்லை. வண்டி இழுத்த நாய்களெல்லாம் 1994 ஏப்ரல் 1-க்குள் வெளியேற்றப்பட்டன. சீல்களுக்கு நோய் பரவும் என்ற பயம்தான் காரணம்.
• உயிர்க்கோழி கொண்டுபோகக் கூடாது. சாப்பிட்டு மிஞ்சிய கோழித் துண்டைக்கூட எரிக்க வேண்டும் அல்லது திருப்பிக் கொண்டுவர வேண்டும். சால்னா பிரியர்கள் கவனிக்க!
• ஒரு நாட்டின் நிலையத்தை இன்னொரு நாட்டுப் பார்வையாளர்கள் வந்து சோதிக்கலாம். 1959 ஒப்பந்தத்திலேயே அந்த உரிமை இருக்கிறது.
└─────────────────────┘

அடுத்த பரீட்சை

மைத்ரிக்கு 35 வயசுக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் 'மைத்ரி-2' கட்டப்போவதாக 2024 மே மாதம் கொச்சியில் நடந்த அண்டார்டிக் ஒப்பந்த மாநாட்டில் இந்தியா அறிவித்தது. புது நிலையம் என்றால் மறுபடியும் முழு ஆண்டுத் தேர்வு! புதுசு வந்தால் பழசை என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. கைவிட்ட இடத்தை, யார் குப்பை போட்டார்களோ அவர்களே சுத்தம் செய்ய வேண்டும் என்பது விதி. தோண்டி எடுப்பதால் இன்னும் அதிகக் கேடு வரும் என்றால் விட்டுவிடலாம். நாம் பெரியவர்களாகும்போது இந்த வேலையில் நம் பள்ளியிலிருந்து ஒருவர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, சிம்மக்கல்லுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இவ்வளவு படித்ததில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றுதான். நாம் குப்பை சேர்ந்த பிறகு, "இதை எங்கே போடுவது?" என்று கேட்கிறோம். அங்கே கிளம்பும் முன்னாலேயே, "என்ன கொண்டுபோகிறாய்? என்ன திருப்பிக் கொண்டுவருவாய்? யார் பொறுப்பு?" என்று கேட்டுவிடுகிறார்கள். பதில் இல்லை என்றால் பெர்மிட் இல்லை.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று லட்சக்கணக்கான பேர் வைகையில் கூடுகிறோம். அழகர் மலைக்குத் திரும்பிவிடுகிறார். கப்பும் தட்டும் கவரும் ஆற்றிலேயே தங்கிவிடுகின்றன. மறுநாள் அள்ளுவது தூய்மைப் பணியாளர் அக்காக்களும் அண்ணன்களும்தான். இந்த மூன்று கேள்வியை நீர்மோர்ப் பந்தல் போடும்போதே கேட்டுவிட்டால் அவர்கள் வேலை பாதியாகக் குறையாதா?

அவ்வளவு பெரிசாக வேண்டாம், நம் பள்ளியிலேயே தொடங்கலாம். வரப்போகிற விளையாட்டு விழாவுக்கு ஒவ்வொரு வகுப்பும் அரைப்பக்கத் தாளில் இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதி, முதல் நாளே தலைமை ஆசிரியரிடம் கொடுக்கலாம் என்பது என் வேண்டுகோள். எங்கள் வகுப்புத் தாளை நானே எழுதித் தருகிறேன். மற்ற வகுப்புத் தலைவர்கள் சம்மதமா? இந்தத் தாளுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன், உங்கள் வகுப்பின் பெயரை எழுதுங்கள்.



– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு