வேர் இடம் மாறும்போது

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கழனிகளில் நடவு நடக்கும் காலத்தில், நாற்றங்காலில் நீர் கட்டிப் பறித்த நாற்றின் வேர்ச்சேற்றை அந்த நீரிலேயே அலசி, கட்டுக் கட்டாக முடிந்து வைக்கும் பெண்கள், வெயிலில் அது வாடுமுன் நட்டுவிட வேண்டும் என்று காட்டுகிற அவசரம் வெறும் வழக்கமன்று. அதனுள் ஆழ்ந்த தாவர சாஸ்திரம் இருக்கிறது. நட்ட பயிர் ஒரு வாரம்போல வெளிறி நின்று பிறகு பச்சை பிடிக்கிறதே, அந்த இடைக்காலத்தில் அறுபட்ட பழைய வேரைக் காட்டிலும், தண்டின் அடிக்கணுவில் புதிதாகப் பிறக்கும் வேரே பயிருக்கு ஜீவனளிக்கிறது.

மண்ணின்றிப் பயிர் வளர்க்க முனைவோருக்கும் இதுவே முதற்பாடம். 1860-களில் ஜெர்மனியில் ஸாக்ஸ், நாப் என்னும் விஞ்ஞானிகள் உப்புகள் கரைத்த நீரில் செடி வளர்த்துக் காட்டினர். 1930-களில் கலிபோர்னியாவில் கெரிக்கே அதைப் பெருந்தொட்டிகளுக்குக் கொண்டுபோனார். 1940-களின் பிற்பகுதியில் ஷோல்ட்டோ டக்ளஸ் வங்காளத்துக் காலிம்போங்கில், எளியவரும் கையாளத்தக்கபடி, ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டிகளில் அதைச் செய்து பார்த்தார்.

ஒரு தொட்டியில் முளைத்த தக்காளிக் கன்றை வேறுவகைத் தொட்டிக்கு மாற்றும்போதுதான் சங்கடம் எழுகிறது. ஈரமான தென்னை நார்க்கழிவில் வளர்ந்த வேர், துகள்களுக்கிடையே உள்ள காற்றைச் சுவாசித்துப் பழகி, மயிரிழை போன்ற நுண்தூவிகளை அடர்த்தியாக விட்டிருக்கும். அதை முழுவதும் நீரில் அமிழ்த்தினால் பிராணவாயு போதாமல் திணறும். நீரிலேயே வளர்ந்த வேருக்கோ, அத்தூவிகள் பெரும்பாலும் குறைவாதலால், நார்க்கழிவு சற்றே உலர்ந்தாலும் தாகம் தாங்காது. முதிர்ந்த வேர் தன் சுபாவத்தை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. புதுவேர்தான் புது இடத்துக்கு ஏற்றபடி உருவெடுக்கிறது. ஆகவே, ஓரிரு உண்மையிலைகள் விட்ட இளம்பருவத்திலேயே மாற்றுவது உசிதம்.

நம் ஊர்க் கோடையில் கூடுதல் கவனம் வேண்டும். 20 டிகிரி வெப்பமுள்ள நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 30 டிகிரியிலோ ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். வெப்பம் ஏற ஏற வேரின் சுவாசத் தேவையும் ஏறுவதால், மொட்டைமாடித் தொட்டிக்கு நிழல்வலையும் காற்றுக்குழாயும் ஆடம்பரங்கள் அல்ல. பாறைப்பாங்கான இவ்வட்டாரத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் உப்பு ஏற்கெனவே மிகுந்திருப்பதால், உரக்கரைசலைக் கலக்குமுன் நீரைச் சோதித்தறிவது அவசியம்.

மாற்றும் நேரம் மாலையாக இருக்கட்டும். வேரோடு ஒட்டிய நாரைப் பிய்த்தெடுக்காமல், அப்படியே ஓட்டைக் கிண்ணத்தில் இருத்தி, வேரின் நுனி மட்டும் கரைசலைத் தொட, மேற்பாகம் ஈரக்காற்றில் இருக்கும்படி நீர்மட்டத்தை வைக்க வேண்டும். மேல்வேர் காற்றையும் நுனிவேர் நீரையும் பெறுவதால் இரண்டு தேவைகளும் ஒருங்கே தீரும். கரைசல் முதலில் பாதிச் செறிவில், அமிலகார நிலை 5.5-க்கும் 6.5-க்கும் இடையே இருந்தால் போதும். கிண்ணத்தின் துளைகள் வழியே வெண்மையான புதுவேர் எட்டிப்பார்த்த பின்னரே முழுச்செறிவுக்குப் படிப்படியாக உயர்த்தலாம்.