பட்டன் போன் வாங்கினா உண்மையிலேயே எவ்வளவு மிச்சம்? ஒரு 24,000 ரூபாய் கணக்கு

நோ-காஸ்ட் இஎம்ஐ பத்தின வீடியோ போட்டதுல இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "சார், ஸ்மார்ட்போனே வேணாம்னு முடிவு பண்ணி 1,500 ரூபாய்க்கு ஒரு பட்டன் போன் வாங்கிட்டா என்ன? காசும் மிச்சம், நிம்மதியும் மிச்சம்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்கு போடாம எதையும் ஒத்துக்கிறது நம்ம வழக்கம் இல்லையே, போட்டுப் பார்ப்போம்.

மண்ணூர்பேட்டை ஸ்டாப்ல இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ள வேலைக்குப் போற ஒருத்தரை எடுத்துக்குவோம். பிஎஃப் பிடித்தம் எல்லாம் போக கைக்கு 24,000 வருது. அவர் கண்ணு வெச்சிருக்கிற போனும் 24,000. ஒரு மாச உழைப்பு முழுசும் ஒரு போன். கடைக்காரர் "மாசம் 2,000 தான் சார், வட்டியே கிடையாது"ன்னு சொல்றார்.

வட்டி கிடையாதுன்னு சொல்றது பாதி உண்மை. 12 மாச இஎம்ஐ-க்கு பேங்க் 16% வட்டி போடுதுன்னு வெச்சுக்குங்க. வட்டித் தொகை சுமார் 1,957 ரூபாய். அதை கடையோ கம்பெனியோ டிஸ்கவுண்டா முன்னாடியே கழிச்சுடும், அதனாலதான் உங்களுக்கு மொத்தம் 24,000-ஆவே தெரியுது. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி இருக்கே, சுமார் 352 ரூபாய், அது உங்க தலையில. பிராசஸிங் ஃபீ 199-ன்னா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக கிட்டத்தட்ட 590 ரூபாய் கூடுதல். மொத்தமா பணம் கட்டறவருக்குக் கிடைச்சிருக்கக்கூடிய கேஷ் டிஸ்கவுண்டும் போச்சு. பூஜ்யம் சதவீத வட்டிங்கிற பேச்சே சரியில்லைன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே பேங்குகளுக்குச் சொல்லிடுச்சு. பேர் மட்டும் மாறி இன்னும் ஓடிட்டிருக்கு.

இப்ப பட்டன் போன் பக்கம் வருவோம். 24,000 ரூபாய் போனை மூணு வருஷம் வெச்சிருந்தா வருஷத்துக்கு 8,000. 1,500 ரூபாய் போன் அதே மூணு வருஷத்துக்கு 500 தான். மிச்சம் 7,500.

அடுத்தது ரீசார்ஜ். 2024 ஜூலைல தனியார் கம்பெனிகள் எல்லாம் விலை ஏத்தினாங்களே, அப்ப ஜியோவோட தினம் 1.5 ஜிபி பிளான் 239-ல இருந்து 299-க்குப் போச்சு. அது 28 நாள் பிளான், மாசக் கணக்கு இல்ல. அதனால வருஷத்துக்கு 12 இல்ல, 13 ரீசார்ஜ். சுமார் 3,900 ரூபாய். பேச்சுக்கு மட்டும் தனி பிளான் கொடுத்தே ஆகணும்னு டிராய் 2024 டிசம்பர்ல உத்தரவு போட்டதுக்கு அப்புறம், 2025 ஜனவரில டேட்டா இல்லாத பிளான்கள் வந்துச்சு. ஜியோல 336 நாளைக்கு 1,748, ஏர்டெல்ல 365 நாளைக்கு 1,849. ஆக ரீசார்ஜ்ல வருஷத்துக்கு சுமார் 2,000 மிச்சம். விலை மாறிக்கிட்டே இருக்கும், ரீசார்ஜ் பண்ற அன்னிக்கு ஒரு தடவை பார்த்துக்குங்க. டேட்டா பிளான் முதல்ல தெரியற மாதிரிதான் ஆப்ல வெச்சிருப்பாங்க, கொஞ்சம் கீழ இறங்கித் தேடணும்.

7,500 + 2,000 = 9,500. மாசத்துக்கு 790 ரூபாய். இதை எஸ்ஐபி போட்டா கோடீஸ்வரன் ஆகலாம்னு நான் சொல்லப் போறதில்ல. ஆனா மூணு வருஷத்துல வட்டி இல்லாமலே 28,000-க்கு மேல சேரும். ஒரு மாச சம்பளத்துக்கு மேல அவசர நிதி. 24,000 சம்பளக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்ல.

ஆனா நிறைய பேர் விட்டுடற இடம் ஒண்ணு இருக்கு. அதே ஆள் 24,000 போனுக்கு பதிலா 10,000 ரூபாய் ஸ்மார்ட்போன் வாங்கினா என்ன ஆகும்? வருஷத்துக்கு 3,333 செலவு. 8,000-ல இருந்து கழிச்சா 4,667 மிச்சம். பட்டன் போன் தர்ற 9,500-ல கிட்டத்தட்ட பாதி, எதையுமே விட்டுக்கொடுக்காம வந்துடுது. மீதி பாதிக்காக நீங்க எதையெல்லாம் விடறீங்கன்னுதான் பார்க்கணும்.

முதல் இழப்பு யூபிஐ. "பட்டன் போன்லயும் யூபிஐ இருக்கே சார்"னு கேட்பீங்க. இருக்கு. 2022 மார்ச் 8-ம் தேதி ரிசர்வ் வங்கி யூபிஐ 123பே-ன்னு ஒண்ணை தொடங்கி வெச்சுது. ஒரு நம்பருக்கு போன் பண்ணி, பேங்க் பேரைச் சொல்லி, டெபிட் கார்டோட கடைசி ஆறு நம்பரும் எக்ஸ்பைரியும் போட்டு பின் வெச்சுக்கலாம். இன்டர்நெட் வேண்டாம். ஒரு தடவைக்கு 5,000-ஆ இருந்த வரம்பை 2024 அக்டோபர்ல 10,000-ஆ ஏத்தினாங்க. *99# வழியும் இருக்கு. வேலை செய்யுது, நான் குறை சொல்லல. ஆனா சாயங்காலம் ஷிஃப்ட் விடற நேரத்துல டீக்கடைல பின்னாடி எட்டு பேர் நிக்கும்போது, "தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" மாதிரி போயிட்டிருக்க முடியாது. நடைமுறைல பட்டன் போன்காரர் காசைத்தான் கையில வெச்சுக்கணும். பஸ், மெட்ரோவுக்கு சிங்கார சென்னை கார்டு போதும், அது எம்டிசி பஸ்லயும் செல்லும். சென்னை ஒன் ஆப் மட்டும் ஸ்மார்ட்போன் இருந்தாத்தான்.

காசை எண்ணிக் கொடுக்கிறதுல ஒரு நல்லது இருக்கு, அதையும் சொல்லணும். பர்ஸ்ல 500 ரூபாய் நோட்டை உடைக்க மனசு வராது. ஸ்கேன் பண்ண அந்தத் தயக்கமே வராது. என்கிட்ட ஐடிஆர் போட வர்ற பசங்களோட பேங்க் ஸ்டேட்மென்ட்ல பக்கம் பக்கமா 40, 65, 120-ன்னுதான் ஓடும்.

ரெண்டாவது இழப்பு, வேலை சம்பந்தப்பட்டது. ஷிஃப்ட் ரோஸ்டர் வாட்ஸ்அப் குரூப்ல வருது. அட்டெண்டன்ஸ் ஆப்ல போகுது. முதல் வேலைல சேர்றவங்களுக்கு 2025 ஆகஸ்ட் 1-ல இருந்து புது யூஏஎன் எடுக்கவே உமங் ஆப்ல முகத்தைக் காட்டணும். இதை வீட்ல இருக்கிற இன்னொரு போன்லயும் பண்ணிக்கலாம், ஒரு தடவை வேலைதான். ரோஸ்டரை அப்படி பண்ண முடியாது.

"வாட்ஸ்அப் இருக்கிற பட்டன் போன் வாங்கிக்கிறேன்"ங்கிறவங்களுக்கு ஜியோபோன் கதையைச் சொல்றேன். 2017 ஜூலைல "விலை பூஜ்யம், 1,500 டெபாசிட் மட்டும், மூணு வருஷம் கழிச்சு திருப்பித் தருவோம்"னு அறிவிச்சாங்க. நிபந்தனை பின்னாடி வந்துச்சு: வருஷத்துக்கு குறைஞ்சது 1,500-க்கு ரீசார்ஜ் பண்ணணும், அதாவது மூணு வருஷத்துல 4,500. முதல் வருஷத்துலயே திருப்பிக் கொடுத்தா ஒண்ணும் கிடையாது. அதுல இருந்த காய்ஓஎஸ்-க்கு 2018-ல வாட்ஸ்அப் வந்துச்சு. 2024 ஜூன்ல புதுசா டவுன்லோடு பண்றதை நிறுத்திட்டாங்க. போன் நல்லா இருந்தும் அது செய்யற வேலை குறைஞ்சு போச்சு. பட்டன் போன்ல "ஸ்மார்ட்" வசதிக்காக கூட 1,000 கொடுக்கிறது எனக்கு வீண் செலவாத்தான் படுது. பேசறதுக்கும் எஸ்எம்எஸ்-க்கும் வாங்குங்க, அவ்வளவுதான்.

அந்த வேலையை மட்டும் ஒழுங்கா செஞ்ச போன் ஒண்ணு இருந்துச்சு: நோக்கியா 1100. 2003-ல வந்தது, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல வித்துச்சு. பூந்தமல்லில இருந்து பெங்களூர் ஹைவேல போனா வர்ற ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபேக்டரி 2006 ஜனவரில உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1-ம் தேதி மூடினாங்க. நம்ம ஏரியால பல வீடுகளோட முதல் பிஎஃப் அக்கவுண்ட் அங்கதான் தொடங்குச்சு. இன்னிக்கு அதே பெல்ட்ல ஐபோன் அசெம்பிள் ஆகுது.

சரி, அப்ப யாருக்கு பட்டன் போன் நிஜமாவே லாபம்?

எஸ்டேட்டுக்குள்ள சில கம்பெனிகள்ல கேமரா போனை கேட்லயே வாங்கி வெச்சுடுவாங்க, இல்ல லென்ஸ் மேல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. அங்க வேலை செய்யறவங்களுக்கு பட்டன் போன் தேவை. ஆனா கடைல கேமரா இல்லாத மாடலான்னு கேட்டு வாங்குங்க. 1,300 ரூபாய் போன்ல கூட ஒரு மங்கலான கேமராவை வெச்சுத் தொலைச்சிருப்பாங்க, செக்யூரிட்டிக்கு அதுவும் கேமராதான்.

இன்னொரு கூட்டம், பிரேக்ல உட்கார்ந்து ஆப்ஷன் டிரேடிங் பண்றவங்க. செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுப்படி, மூணு நிதியாண்டுல எஃப் அண்டு ஓ பண்ண தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம், சராசரியா ஆளுக்கு சுமார் 2 லட்சம். அந்த ஆளுக்கு போன் விலை 1,500-ஆ 24,000-ஆங்கிறது விஷயமே இல்ல. வேலை நேரத்துல கையில டிரேடிங் ஆப் இல்லாம இருந்தா அவருக்கு மிச்சமாகிறது போன் காசை விட பல மடங்கு. லோன் ஆப் எடுத்துப் பழகினவங்களுக்கும் இதேதான். கான்டாக்ட், போட்டோவை எல்லாம் டிஜிட்டல் லோன் ஆப் தொடக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022-ல விதி போட்டாலும், போலி ஆப்புக்கு விதியாவது ஒண்ணாவது. பட்டன் போன்ல அந்த ஆப்பை ஏத்தவே முடியாது. கல்யாணப் பத்திரிகைன்னு வர்ற ஏபிகே ஃபைலும் அங்க வேலைக்கு ஆகாது.

இதுல இருந்துதான் நிறைய பேர் கேட்கிற "ரெண்டு போன்" திட்டம் வருது. சம்பள அக்கவுண்ட் நம்பரை பட்டன் போன்ல வெச்சுட்டு, ஸ்மார்ட்போனை மத்ததுக்கு வெச்சுக்கிறது. ஓடிபி திருடற வைரஸ் ஸ்மார்ட்போன்ல புகுந்தாலும் சம்பளப் பணத்தோட ஓடிபி அங்க வராது. நல்ல திட்டம்தான். ஆனா இதுல சேமிப்பு இல்ல. கூட ஒரு ரீசார்ஜ், வருஷத்துக்கு சுமார் 1,900. இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி நினைச்சுக்குங்க.

யூபிஐ ஆப் ரெஜிஸ்டர் ஆகும்போது அந்த சிம் அதே போன்ல இருக்கணும், அங்கிருந்துதான் எஸ்எம்எஸ் போகும். அதனால சம்பள அக்கவுண்டை ஸ்மார்ட்போன் யூபிஐ-ல வெச்சுக்க முடியாது. ரெஜிஸ்டர் பண்ணிட்டு சிம்மை மாத்திக்கிறவங்க இருக்காங்க. ஆப் மறுபடி வெரிஃபை கேட்கும்போது நடு ரோட்ல நிப்பீங்க. சரியான வழி, ஸ்மார்ட்போன் நம்பர்ல ரெண்டாவது அக்கவுண்ட் ஒண்ணு தொடங்கி, மாசம் 6,000, 7,000-ன்னு செலவுக்கு மட்டும் அதுக்கு மாத்தி விடறது. யூபிஐ அதுல மட்டும். திருட்டுப் போனாலும் போறது அதுல இருக்கிற பணம் மட்டும்தான்.

பட்டன் போன் சிம்முக்கு சிம் பின் போட்டு வைங்க. போனுக்கு லாக் போட்டாலும் சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டா ஓடிபி வந்துடும். ரீசார்ஜை மறக்காதீங்க. 90 நாள் தொடர்ந்து எந்த உபயோகமும் இல்லைன்னா நம்பர் கை மாறலாம்; உங்க பேங்க் எஸ்எம்எஸ் யாரோ ஒருத்தருக்குப் போகும்.

வாங்கறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா, 4ஜி பட்டன் போனா வாங்குங்க. ஜியோக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது, ஆயிரம் ரூபாய் 2ஜி போன்ல அந்த சிம்மைப் போட்டா டார்ச் மட்டும்தான் எரியும். 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் நேர் எதிர், அதுல ஜியோ சிம் மட்டும்தான் வேலை செய்யும். 28 நாளைக்கு 123 ரூபாய்னு வந்த அதோட பிளான் குரல் பிளானை விடவே மலிவு, ஆனா கம்பெனி மாற முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட்லயோ ரோட்டோரத்துலயோ செகண்ட் ஹேண்ட் வாங்கினா *#06# அடிச்சு ஐஎம்இஐ நம்பரை எடுத்து, சஞ்சார் சாத்தி தளத்துல போட்டுப் பாருங்க. திருட்டுப் போன்னா அங்கேயே தெரிஞ்சுடும். பில் கேட்டு வாங்குங்க.

கம்பெனி உங்க போன் பில்லை ரீஇம்பர்ஸ் பண்ற பாலிசி வெச்சிருக்கான்னு எச்ஆர் கிட்ட கேளுங்க. நிஜமா கட்டின பில்லுக்கு அப்படி வர்ற பணத்துக்கு வரி கிடையாது, புது ரெஜிம்லயும். அதே தொகையை "டெலிபோன் அலவன்ஸ்"னு சம்பளத்துல சேர்த்துக் கொடுத்தா வரி உண்டு. பில் உங்க பேர்ல இருக்கணும், அதனால நம்பர் இன்னும் அப்பா பேர்ல இருந்தா முதல்ல அதை மாத்திடுங்க.