கெடுத்தவன் போய்விட்டான், மண்ணைச் சுத்தம் செய்வது யார்?



அண்மையில் ஈப்போ வட்டாரத்தில் ஒரு பழைய தோட்டத்து மக்களைச் சந்தித்தோம். பால்மரம் போய்விட்டது. கம்பெனியும் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டது. மருந்துக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். "அந்த எடத்துல மட்டும் கத்திரிச் செடிகூட ஒழுங்கா வர மாட்டேங்குதுங்க. கம்பெனிகிட்ட கேக்கலாம்னா கம்பெனியே இல்ல. கவர்மெண்டு காசு போட்டுச் சுத்தம் பண்ணுமா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

நியாயமான கேள்வி. இதற்குப் பாடம் தேடி நாம் தூரத்துக்குப் போக வேண்டாம். ஈப்போ பக்கத்திலேயே, லாகாட்டை அடுத்த புக்கிட் மேராவில் இருக்கிறது.

அங்கே 1982இல் ஏசியன் ரேர் எர்த் தொழிற்சாலை வேலையைத் தொடங்கியது. ஈய லம்பங்களில் மிஞ்சும் அமாங் மணலிலிருந்து அரிய உலோகங்களைப் பிரித்தெடுப்பது அதன் தொழில். மிச்சமான கழிவில் தோரியம் இருந்தது. அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்! கழிவைப் பாப்பானில் புதைக்க ஏற்பாடு நடந்தபோது, 1984இல் அங்குள்ள மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1985இல் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994 தொடக்கத்தில் ஆலை மூடப்பட்டது. வழக்கில் தோற்றும் மக்கள் கேட்டது நடந்தது!

அதன் பிறகு வந்ததே பெரிய வேலை. கட்டடத்தை இடித்து, அடியில் இருந்த மண்ணைச் சில இடங்களில் 25 அடி ஆழம் வரை தோண்டி எடுத்தார்கள். 2011 வரையிலேயே 11,000 லோரி கழிவு அகற்றப்பட்டது. கிளேடாங் மலைப் பகுதியில் ஒரு குன்றின் உச்சியை வெட்டி, உள்ளே வைத்து, களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடினார்கள். செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர். இதை ஏற்றது ஆலையின் பங்குதாரரான ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனம். கெடுத்தவரே செலவு செய்ய வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் நம் தோட்டங்களின் கதை வேறு. ஒரு காலத்தில் லாலானை அழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்ற பாஷாண மருந்தை அடித்தார்கள். மருந்துத் தகரத்தை முதுகில் சுமந்தவர்கள் நம் தாய்மார்கள். பாஷாணம் மக்கிப் போகிற பொருளல்ல, மண்ணிலேயே தங்கக்கூடியது. பாராகுவாட் மருந்துக்கு 2020 ஜனவரி முதல் நாள்தான் நம் நாட்டில் தடை வந்தது. தோட்டங்களோ கைமாறிக் கைமாறி வந்தவை. இன்று யாரிடம் போய்ப் பில்லை நீட்டுவது?

இங்கேதான் பொதுப்பணம் வேண்டும் என்கிறோம். அரசு முதலில் சுத்தம் செய்யட்டும். கெடுத்தவன் அகப்பட்டால் அவனிடம் வசூலிக்கட்டும். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமே அப்படி வசூலிக்க இடம் தருகிறது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டி, 111 பள்ளிகளை மூட வேண்டி வந்தபோது, அரசு 64 லட்சம் வெள்ளி ஒதுக்கிச் சுத்தம் செய்தது. ஆற்றுக்குச் செய்ய முடிந்ததை லயத்து மண்ணுக்குச் செய்ய முடியாதா?

அமெரிக்காவில் இதற்கென்றே 1980இல் 'சூப்பர்ஃபண்ட்' நிதி வைத்தார்கள். கெடுத்தவன் இல்லாத நிலத்தை அந்தப் பணத்தில் சுத்தம் செய்யலாம். எண்ணெய், ரசாயனக் கம்பெனிகளின் வரி அதற்குப் போனது. 1995இல் அந்த வரி நின்றதும் சுமை பொதுமக்கள் தலையில் ஏறியது. 2021இல்தான் ரசாயன வரியைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் செய்தார்கள். ஆகவே நிதி மட்டும் போதாது; அதில் பணம் போடுகிறவர்கள் லாபம் பார்த்தவர்களாக இருக்க வேண்டும்.

"நமக்கு எதுக்குங்க இந்த வம்பு?" என்பவர்களும் உண்டு. தோழர்களே, கடையில் நாம் வாங்கும் பொருளிலும் வரி இருக்கிறது. அரசாங்கக் கஜானாவில் நம் வியர்வையும் கிடக்கிறது. நாம் கேட்பது பிச்சையல்ல.

செய்ய வேண்டியது இதுதான். மருந்துக் கொட்டகை எங்கே இருந்தது, காலி டின்களை எங்கே புதைத்தார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தோம் என்பதெல்லாம் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கச் சொல்லி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுச் சுற்றுச்சூழல் இலாகாவுக்கு மனுக் கொடுங்கள். நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் அனுப்புங்கள். சோதனை முடிவு வரும்வரை பிள்ளைகளை அந்த இடத்தில் விளையாட விடாதீர்கள்.

அழுத பிள்ளைக்குத்தான் பால். புக்கிட் மேரா மக்கள் பத்தாண்டுக்கு மேல் ஓயாமல் கேட்டார்கள். நாம் இன்னும் ஒரு மனுக்கூட எழுதவில்லையே!