எச்1 கணிதம் எடுத்தால் மட்டமா?

தொடக்கக்கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். பாடத் தேர்வுப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். அப்போது எனக்கு வயது 17. பொருளியலும் புவியியலும் எச்2 நிலையில் என்பதில் குழப்பமில்லை. கணிதத்தையும் எச்2 நிலையில் எடுத்தால், எச்2 தமிழ்மொழியும் இலக்கியமும் பாடத்தை விட வேண்டும். தமிழ் வேண்டுமானால் கணிதத்தை எச்1 நிலையில் எடுக்க வேண்டும்.

சாதாரண நிலைத் தேர்வில் கூடுதல் கணிதத்தில் எனக்கு பி4. “கெட்டிக்காரர்கள் எல்லாம் எச்2தான்,” என்றனர் தோழிகள். “எச்1 எடுத்தா நாளைக்கு வாய்ப்பு குறைஞ்சிடும்மா,” என்றார் அப்பா. தமிழ் எனக்குப் பிடித்த பாடம். ஆனாலும் எச்2 கணிதம் என்றே எழுதினேன். மற்றவர்கள் மட்டமாக நினைப்பார்களே என்ற வெட்கம்தான் காரணம்.

படிவத்தை ஒப்படைப்பதற்கு முதல்நாள், பொறியியல் படிக்கும் பெரியம்மா மகள் வீட்டுக்கு வந்திருந்தார். “பாடத்திட்டத்தைப் படிச்சுப் பார்த்தியா?” என்று அக்கா கேட்டார். இல்லை. இருவரும் உட்கார்ந்து படித்தோம்.

எச்1 என்பது எச்2 கணிதத்தின் எளிய வடிவம் என்று நினைத்திருந்தேன். அது அப்படியில்லை. எச்2 தேர்வில் இரண்டு தாள்கள், 200 மதிப்பெண். அதில் 140 தூய கணிதத்துக்கு. எச்1 தேர்வில் ஒரே தாள், 100 மதிப்பெண். அதில் 60 நிகழ்தகவுக்கும் புள்ளியியலுக்கும். நுண்கணிதம் இரண்டிலும் உண்டு. எச்1 கணிதத்தில் பெரும, சிறும மதிப்புகள், வளைகோட்டின் கீழுள்ள பரப்பளவு போன்றவற்றோடு அது நின்றுவிடும். எச்2 கணிதம் மக்லாரின் தொடர், வகைக்கெழுச் சமன்பாடுகள் வரை போகும். வெக்டர், கலப்பெண் ஆகியவையும் சேரும்.

அடுத்து, பல்கலைக்கழக நுழைவுத் தகுதிகளைப் பார்த்தோம். பொறியியலுக்கு எச்2 கணிதம் கேட்டார்கள். நான் விரும்பிய சமூகவியலுக்குக் கேட்கவில்லை.

படிவத்தை மாற்றி எழுதி அப்பாவிடம் காட்டினேன். “ரெண்டு வருஷம் கழிச்சு மனசு மாறினா என்ன செய்வே?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

அவர் கேட்டதுபோலவே நடந்தது. புவியியல் களப்பணியில் திரட்டிய தரவுகளை ஆராய்ந்தபோது, தரவு அறிவியல் படிக்க ஆசை வந்தது. நான் பார்த்த பட்டப்படிப்புக்கு எச்2 கணிதம் தேவை. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று அப்பா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

இப்போது சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எச்1 கணிதத்தில் கற்ற கருதுகோள் சோதனை ஆய்வுமுறை வகுப்பில் கைகொடுக்கிறது. முதியவர்களைத் தமிழில் நேர்காணவும் தயக்கமில்லை. எனினும், தரவு அறிவியல் மாணவர்களைப் பார்க்கும்போது சிறு ஏக்கம் எட்டிப் பார்க்கும். அதை மறைக்க விரும்பவில்லை.

படிவம் நிரப்பவிருக்கும் தம்பி தங்கைகளே, எதை எடுத்தாலும் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். பாடத்திட்டத்தை முழுமையாகப் படியுங்கள். விரும்பும் பட்டப்படிப்பு என்ன கேட்கிறது என்று பல்கலைக்கழக இணையத்தளத்திலேயே பாருங்கள். மனம் மாறினால் எந்த வழி அடைபடும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். அதன்பின் எச்1 எடுத்தாலும் எச்2 எடுத்தாலும், தலைநிமிர்ந்து வகுப்புக்குப் போகலாம்.