மறுதலித்தோரும் திருச்சபையின் வாசலும்

ரோமப் பேரரசன் டேசியஸின் கட்டளைப்படி, கி.பி. 250இல் குடிகள் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றுச்சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. ரோமாபுரியின் அத்தியட்சர் ஃபேபியன் இரத்தசாட்சியாக மரித்தார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலோ விசுவாசிகளில் அநேகர் பலியிட்டனர். வேறு சிலர் பலியிடாமலே பணங்கொடுத்துச் சீட்டு வாங்கினர். உபத்திரவம் தணிந்ததும் இவர்கள் சபையின் வாசலில் வந்து நின்றனர்.

இவர்களுக்குச் சிறைப்பட்ட சாட்சிகள் சிலர் ஆராயாமலே சமாதானக் கடிதங்களை வழங்கினர். ரோமாபுரியில் நொவாத்தியானோ, மறுதலித்தோரைச் சேர்க்கலாகாதென்று கூறிப் பிரிந்து சென்றார். திரித்துவத்தைக் குறித்துச் சிறந்த நூலொன்றை இயற்றியவர் இவரே. உபதேசத்தில் தேர்ந்தவரும் சபையைப் பிளக்கக்கூடும் என்பதை நாம் இங்குக் காண்கிறோம்.

அத்தியட்சர் சிப்பிரியானின் தலைமையில் 251இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் இவ்விரு வழிகளையும் விலக்கிற்று. சீட்டு மாத்திரம் வாங்கியோர் தனித்தனியே விசாரிக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டனர். பலியிட்டோர் மனஸ்தாபத்தில் நிலைத்திருந்து, மரணத்தறுவாயில் ஐக்கியம் பெறலாமெனத் தீர்மானிக்கப்பட்டது. பின்னர் மீண்டும் உபத்திரவம் நெருங்கியபோது, மனஸ்தாபத்தில் நிலைத்திருந்த அவர்களையும் சங்கம் சேர்த்துக்கொண்டது. திருவிருந்தின் பலமின்றி அவர்களைப் போராட்டத்திற்கு அனுப்பலாகாது என்பதே காரணம்.

250இல் மறைந்து வாழ்ந்த சிப்பிரியான் 258இல் சிரச்சேதம் அடைந்தார். விழுந்தோரை விசாரியாமல் சேர்ப்பதும், விசாரியாமல் தள்ளுவதும் மேய்ப்பரின் உழைப்பைக் குறைக்கும். அவர்களை விசாரித்து, அவர்களோடு காத்திருக்கும் ஊழியமே நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது.