கிலோமீற்றரை நம்பி மலையேறாதீர்கள்

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை உச்சிக்குச் சுமார் 7 கிலோமீற்றர். காலி முகத்திடலிலிருந்து வெள்ளவத்தைக்கு நடப்பதும் அதற்குக் கிட்டிய தூரந்தான். கொழும்பில் அதை ஒன்றரை மணித்தியாலத்தில் நடந்துவிடலாம். மலையில் மூன்று, நான்கு மணித்தியாலம் பிடிக்கும். விடுமுறை நாளில் வட்டவளை, ஹட்டன் பக்கம் வந்து மலையேறுகிறவர்களில் பலர் கைப்பேசியில் தூரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படுகிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு தேயிலைக்குள் வழி தெரியாமல் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892இல் ஓர் எளிய கணக்குச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணித்தியாலம். ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணித்தியாலம். நம் அளவில், 5 கி.மீ. தூரத்துக்கு ஒன்று, 600 மீற்றர் ஏற்றத்துக்கு ஒன்று. நல்லதண்ணிப் பாதைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். தூரத்துக்கு 1 மணி 24 நிமிடம். உச்சியின் உயரம் 2,243 மீற்றர். அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற வேண்டும், அதற்கு 1 மணி 40 நிமிடம். கூட்டினால் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் மூச்சு வாங்க நிற்பதும் தேநீர்க் கடையில் உட்காருவதும் இதில் சேரவில்லை. 130 வருடத்துக்கு முந்திய கணக்கு இவ்வளவு பொருந்திவருவது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

ஆனால் நெய்ஸ்மித் இறக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. செங்குத்தான படியில் இறங்கும்போது தொடைத் தசை, உடற்பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாவது அப்போதுதான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் தவிப்பதற்குக் காரணம் ஏறியது அல்ல, இறங்கியது. களைத்த கால் ஈரக் கல்லில் தடுமாறும் என்பதால், இறங்குவதற்கும் ஏறிய நேரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒதுக்குவது நல்லது.

நெய்ஸ்மித்தின் ஊருக்கும் நம் ஊருக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. வட ஸ்கொட்லாந்தில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும்; பிந்தினாலும் சமாளிக்கலாம். நாமோ நடுக்கோட்டிலிருந்து 7 பாகை தள்ளி இருக்கிறோம். வருடம் முழுவதும் சூரியன் மாலை 5.45க்கும் 6.30க்கும் இடையில் மறைகிறது, அதுவும் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கி மறைகிறது. அதனால் அந்தி வெளிச்சம் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குமேல் தங்காது. மேற்கே மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் இருட்டு இன்னும் முந்தும். மழைக்காட்டுக்குள் சொல்லவே வேண்டாம்.

இனி மழை. இலங்கையில் அதிக மழை பெறும் இடங்களில் வட்டவளை ஒன்று; ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை கடலிலிருந்து வரும் தென்மேல் காற்று இந்த மேற்குச் சரிவில் மோதி மேலேறுகிறது, குளிர்கிறது, சுமந்து வந்த ஈரத்தை இங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி ஊவாவுக்கு இறங்கும்போது அதே காற்று காய்ந்து போயிருக்கும். பண்டாரவளைப் பக்கம் ஆண்டு மழை 2,000 மி.மீ.கூட இல்லை. ஜூலையில் வட்டவளையில் அடைமழை என்றால், அதே ரயிலில் தொடர்ந்து போய் ஹப்புத்தளையில் இறங்கினால் நல்ல வெயில் இருக்கலாம். நாளைத் தெரிவுசெய்வதைவிடச் சரிவைத் தெரிவுசெய்வது முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். மேற்குச் சரிவுக்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை பளிச்சென்று விடிந்து ஆசை காட்டும். பிற்பகலில் இடி முழங்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீற்றர் கிடைக்கும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் முகட்டில் நிற்கக் கூடாது.

உலக முடிவு என்னும் பாறை விளிம்பில் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பனி மூடுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏற ஏறக் கீழ்நாட்டுக் காற்று சூடாகி, அந்தச் செங்குத்துப் பாறையில் ஏறி முகிலாகிவிடுகிறது. ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்திலிருக்கும் வட்டவளையைவிடச் சிவனொளிபாத உச்சி எட்டுப் பாகையாவது குளிரும். அங்கே நனைந்த உடுப்போடு காற்றில் நிற்பது ஆபத்து. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடற்சூட்டை இழுத்துக்கொள்ளும். நனைந்த பருத்திச் சட்டை உதவாது. பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கம்பளி மேற்சட்டை உயிரைக் காக்கும்.

தேயிலை மலையில் கானோரமாகக் குனிந்து பாருங்கள். புல் நுனியில் நூல்போல ஒன்று எழுந்து நின்று தலையை அங்குமிங்கும் ஆட்டும். அட்டை. நம் காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் அதற்கு வழிகாட்டி. கடித்துவிட்டால் உப்பையோ நெருப்பையோ தேட வேண்டாம். வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். நகத்தால் வாய்ப்பக்கத்தை மெல்ல நெம்பிவிட்டுச் சவர்க்காரமிட்டுக் கழுவினால் போதும். இரத்தம் உறையாதபடி அது ஒரு பொருளைச் செலுத்தியிருப்பதால் காயம் சற்று நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது குளவிக்கு. கொழுந்து பறிக்கிற பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி மலையகத்தில் ஓயாத ஒன்று. மரக்கிளையில் கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் விலகிப் போய்விடுங்கள்.

பீலித் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். தெளிந்து ஓடியது திடீரென்று செம்மண்ணாய்க் கலங்கினால், நிலத்தில் புது வெடிப்புத் தெரிந்தால், மேலே மண் நகர்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியுமா? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் மாவட்டவாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. முதல்நாள் மழை 75 மி.மீ. தாண்டியிருந்தால் அதைப் பாராமல் கிளம்பக் கூடாது.

ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். மழைக்கு முன் பிற்பகல் இரண்டு மணிக்குள் கீழே வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏற மூன்றரை, இறங்க இரண்டரை மணித்தியாலம். அப்படியானால் காலை எட்டு மணிக்குக் கால் வைக்க வேண்டும், உச்சி வந்தாலும் வராவிட்டாலும் பதினொன்றரைக்குத் திரும்ப வேண்டும். அந்த நேரத்தை வீட்டிலேயே தாளில் எழுதிவிடுங்கள். மேலே போனபின் உச்சி கூப்பிடும், கணக்கு மறந்துபோகும். அம்புலன்சுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் ஏறுமுன் லயத்துக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். எந்தக் குறுக்குப்பாதை நேற்றைய மழையில் உடைந்தது என்பதை அவர் உங்களுக்குச் சொல்வார்.